பொட்டக்குட்டியை யார் எடுப்பாங்க?
ஆள் கிடைக்கும் வரை நாய்க்குட்டியை வீட்டில் வைத்துப் பார்ப்பது பற்றி



ஆடு, கோழி, கறவை மாடு பற்றியெல்லாம் படித்திருப்பீர்கள். இந்த முறை நாயைப் பற்றி. "நாயைப் பத்தி எழுத என்ன இருக்கு?" என்று கேட்காதீர்கள். சாக்கில் கட்டிக் கண்மாய்க் கரையில் போட்டுவிட்டுப் போன குட்டிகள், பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அட்டைப் பெட்டியில் கத்திக்கொண்டு கிடந்த குட்டிகள், தாய் வண்டியில் அடிபட்டுச் செத்ததால் அநாதையாய் நிற்கும் குட்டிகள் என்று ஊருக்கு ஊர் பார்க்கிறோம். மனசு கேட்காமல் வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் தவிக்கிறவர்களும் நம்மில் உண்டு.

அப்படிப் போட்டுவிட்டுப் போகும் குட்டிகளை உற்றுப் பாருங்கள். அநேகமாகப் பொட்டக்குட்டிகளாகத்தான் இருக்கும். கடுவன் குட்டி என்றால் தோட்டக் காவலுக்கு என்று கேட்டு வாங்கிப் போய்விடுவார்கள். பொட்டை என்றால் வேண்டாம் என்கிற பேச்சை நாம் வேறு இடத்திலும் கேட்டு வளர்ந்தவர்கள்தான். ஆனால் நாய் விஷயத்தில் ஒரு காரணம் சொல்கிறார்கள். "ஆறேழு மாசத்துல பருவத்துக்கு வந்துடும், ஊர் நாயெல்லாம் வாசல்ல நிக்கும், வருசத்துக்கு ரெண்டு ஈத்து போடும், குட்டிகளை எங்க கொண்டு போய் விடுறது?" இது நியாயமான கவலை. நாயின் சினைக்காலம் 63 நாள்தான், ஒரு ஈத்துக்கு நாலைந்து குட்டி சாதாரணம். கருத்தடை அறுவை செய்துவிட்டால் இந்தக் கவலை தீர்ந்துவிடும். பொட்டக்குட்டிக்கு ஆள் தேடும்போது இதுதான் நம் கையில் இருக்கும் பெரிய பதில். பின்னால் மறுபடி சொல்கிறேன்.

இது என்ன வளர்ப்பு?

டவுனில் பிராணிகள் நலச் சங்கத்தார் இதை 'ஃபாஸ்டர்' என்பார்கள். தெருவிலிருந்து மீட்ட நாயை, சரியான ஒரு குடும்பம் கிடைக்கும் வரை தன் வீட்டில் வைத்துத் தேற்றிக் கொடுப்பது. நம் பேச்சில் சொன்னால் கைமாத்து மாதிரி. நம் கையில் இருக்கும், ஆனால் நமக்குச் சொந்தமில்லை. ஒரு மாதமும் ஆகலாம், மூன்று நாலு மாதமும் ஆகலாம்.

எல்லோரும் இதைச் செய்ய வேண்டும் என்று சொல்ல வரவில்லை. கைக்குழந்தை தவழ்கிற வீடு, படுத்த படுக்கையாய் முதியவர் இருக்கும் வீடு, காலையில் வேலைக்குப் போனால் இருட்டின பிறகுதான் திரும்பும் வீடு என்றால் யோசித்துச் செய்யுங்கள். செலவுக்குக் குழுக் கடன் வாங்கவே வேண்டாம். குழுச் சேமிப்பிலிருந்தும் எடுக்கக் கூடாது. அது எல்லோருடைய பணம். நாலு தோழிகள் சேர்ந்து ஆளுக்குக் கொஞ்சம் போடுவது, அல்லது ஒருத்தி வீட்டில் வைத்துக்கொள்ள இன்னொருத்தி மருத்துவமனைக்குக் கொண்டு போவது நல்ல ஏற்பாடு. வீட்டுக்காரரிடமும் மாமியாரிடமும் கேட்காமல் தூக்கி வந்தால் இரண்டாம் நாளே குட்டி தெருவுக்குப் போய்விடும். "ஆள் கிடைக்கிற வரைக்கும்தான் அத்தை" என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

தூக்குவதற்கு முன்னால்

குட்டி கத்துகிறது என்றவுடன் தூக்கிவிடாதீர்கள். தாய் இரை தேடிப் போயிருக்கலாம். தள்ளி நின்று சில மணி நேரம் பாருங்கள். தாய் வருகிறது என்றால் அங்கேயே விட்டு, தாய்க்குச் சோறு வையுங்கள். நாம் பத்து குட்டிக்குப் பால் கலக்குவதைவிட அது லேசு. எட்டு வாரம் வரை தாயோடும் கூடப் பிறந்தவைகளோடும் இருக்கும் குட்டிதான், எவ்வளவு பலமாகக் கடித்தால் வலிக்கும் என்பதைக் கற்றுக்கொள்கிறது. சீக்கிரம் பிரித்த குட்டி எல்லோரையும் கடிக்கும் குட்டியாகிவிடலாம்.

வளர்ந்த தெருநாயின் காது நுனி V போல வெட்டியிருந்தால், அதற்குக் கருத்தடை ஆகிவிட்டது என்று அர்த்தம். நன்றாக இருக்கிற நாய் என்றால் அதன் இடத்திலேயே இருக்கட்டும். அடிபட்ட நாய் வலியில் யாரையும் கடிக்கும். வெறும் கையோடு கிட்டப் போகாதீர்கள். கால்நடை மருந்தகத்தில் சொல்லுங்கள், அல்லது கால்நடைகளுக்கான 1962 என்ற எண்ணில் கூப்பிட்டு என்ன செய்யலாம் என்று கேளுங்கள். வாயில் எச்சில் ஒழுக, தள்ளாடி, கண்டதையெல்லாம் கடிக்கிற நாயை யாரும் தொடவே கூடாது. குரல் மாறிப்போய், தாடை தொங்கி, மூலையில் சுருண்டு கிடப்பதும் வெறிநோயாக இருக்கலாம். சாதுவாய்க் கிடக்கிறதே என்று வாயில் கைவிட்டுத் தண்ணீர் ஊற்றப் போகாதீர்கள்.

கடி, கீறல்: இதை மட்டும் இரண்டு முறை படியுங்கள்

"குட்டிதானே, பால்பல்லுதானே" என்று விட்டுவிடுவதில்தான் உயிர் போகிறது. வெறிநோய் கண்ட தாயிடமோ வேறு நாயிடமோ கடிபட்ட குட்டிக்கும் நோய் வரும். குட்டிக்குத் தடுப்பூசி போடும் வயது வருவதற்கு முன்பே அது நம் பிள்ளைகளோடு விளையாட ஆரம்பித்துவிடுகிறது. மனிதருக்கு நோய்க்குறி தெரிந்துவிட்டால் பிறகு ஏறக்குறைய யாரையும் காப்பாற்ற முடிவதில்லை. ஆனால் கடித்த உடனே செய்வதைச் செய்தால் நோயே வராமல் தடுத்துவிடலாம்.

ஊசி போடாத குட்டியின் பல் பட்டாலும், நகம் கீறினாலும், நம் உடம்பில் இருக்கும் புண்ணில் அதன் எச்சில் பட்டாலும், முதலில் குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். குழாய் இல்லை என்றால் ஒருவர் சொம்பில் ஊற்ற ஒருவர் கழுவுங்கள். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, மஞ்சள், எண்ணெய் எதுவும் வைக்கக் கூடாது. பச்சிலை, மந்திரிப்பு என்று நாளைக் கடத்தவும் கூடாது. அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். ஊசி இலவசம். தொப்புளைச் சுற்றிப் போடுகிற காலம் எப்போதோ போய்விட்டது, இப்போது கையில்தான். முதல் ஊசிக்குப் பிறகு 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 28-ஆம் நாள் என்று தவறாமல் போட வேண்டும். இரண்டு ஊசியோடு "சரியாப் போச்சு" என்று நிறுத்துகிறவர்கள் நிறையப் பேர். களை எடுக்கும் கூலி ஒருநாள் போனால் போகட்டும். ரத்தம் வந்த கடி என்றால் காயத்திலேயே போடும் இன்னொரு மருந்தும் உண்டு. அதற்குப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் சுணங்காமல் போக வேண்டும். அடிக்கடி குட்டிகளைத் தூக்கி வளர்க்கப் போகிறீர்கள் என்றால், கடிபடும் முன்னரே போட்டுக்கொள்ளும் தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

அடி வாங்குவோம் என்ற பயத்தில் பிள்ளைகள் கீறலை மறைத்துவிடுவார்கள். "சொன்னா அம்மா திட்ட மாட்டேன்" என்று குட்டி வீட்டுக்கு வந்த அன்றைக்கே சொல்லி வையுங்கள்.

முதல் பதினாலு நாள்

புதுக் குட்டியைத் தனியாக, நிழலான ஒரு மூலையில் வையுங்கள். வீட்டில் ஏற்கெனவே நாய் இருந்தால் இரண்டு வாரம் சேர்க்கக் கூடாது. குட்டிகளை அதிகம் கொல்வது பார்வோ என்கிற பேதி. சோர்ந்து படுக்கும், வாந்தி எடுக்கும், ரத்தம் கலந்து நாற்றமெடுக்கும் பேதி போகும். வீட்டு வைத்தியத்தில் ஒருநாள் போனாலும் குட்டி போய்விடும். அன்றைக்கே கொண்டு போனால், டிரிப் ஏற்றிப் பிழைக்க வைக்க வழி உண்டு. இந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் இருக்கும். பினாயிலுக்கு மசியாது. பிளீச்சிங் பவுடர் கரைசலால் கழுவ வேண்டும். ஒரு குட்டி பார்வோவில் செத்த முற்றத்துக்கு அதே வருடம் ஊசி போடாத இன்னொரு குட்டியைக் கொண்டுவராதீர்கள்.

உண்ணியைப் பார்த்ததும் பருத்திக்கு அடிக்கும் பூச்சிமருந்தைத் தடவுவது, சொறிக்குப் பழைய இன்ஜின் ஆயிலைப் பூசுவது, மண்ணெண்ணெய் ஊற்றுவது எல்லாம் நம் ஊர்களில் நடக்கிறது. நாய் நக்கி நக்கித் தின்று அந்த விஷத்தாலேயே சாகும். சொறிக்கும் உண்ணிக்கும் நல்ல மருந்து கால்நடை மருத்துவரிடம் இருக்கிறது. சில வகைச் சொறி நமக்கும் ஒட்டும், தொட்ட பிறகு கை கழுவுங்கள். நமக்கு எழுதிக் கொடுத்த காய்ச்சல் மாத்திரை, வலி மாத்திரையை உடைத்துக் கொடுப்பதும் ஆபத்து.

வயிறு உப்பி, உடம்பு மெலிந்திருக்கும் குட்டிக்கு வயிற்றில் புழு. தாய் வயிற்றிலேயே புழு தொற்றிவிடும். அதனால் இரண்டாவது வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, இரண்டு மாதம் வரை பூச்சி மருந்து கொடுக்க வேண்டும். பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை. எடைக்குத் தக்க அளவை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். இந்தப் புழு பிள்ளைகளுக்கும் வரும் என்பதால், குட்டி இருந்த இடத்தை அன்றாடம் கூட்டி, மலத்தைக் குழியில் போட்டு மூடுங்கள்.

ஊசிக் கணக்கு இது. பார்வோ முதலிய நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நாலு வாரத்துக்கு ஒருமுறை, நாலு மாதம் ஆகும் வரை. வெறிநோய் ஊசி மூன்றாவது மாதம், அதற்கு அடுத்த மாதம் ஒன்று, பிறகு வருடா வருடம். கூட்டு ஊசியை வெளியில் வாங்கச் சொன்னால் சில நூறு ரூபாய் ஆகும். போட்ட ஊசியையெல்லாம் அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். குட்டியைக் கொடுக்கும்போது அந்த அட்டைக்குத்தான் மதிப்பு.

என்ன கொடுப்பது?

கண் திறக்காத குட்டி என்றால், அதாவது இரண்டு வாரத்துக்குள், அது பச்சைப் பிள்ளை வளர்ப்பது மாதிரி. தானாக உடம்புச் சூட்டைக் காக்கத் தெரியாது. வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைக்க வேண்டும். ராத்திரியும் சேர்த்து இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை பால். நாய்ப்பாலில் பசும்பாலைவிடக் கொழுப்பும் புரதமும் இரண்டு மடங்குக்கு மேல். அதனால் தண்ணீர் கலந்த பசும்பால் கொடுத்தால் குட்டி வளராது, பேதியும் ஆகும். குட்டிகளுக்கென்றே பால்பவுடர் விற்கிறது. அது கிடைக்கும் வரை ஓரிரு நாள், தண்ணீர் கலக்காத பாலில் முட்டை மஞ்சள் கருவைக் கலந்து வெதுவெதுப்பாகக் கொடுக்கலாம். நம் குழந்தையைப் போல மல்லாக்கப் படுக்க வைத்துப் புகட்டக் கூடாது, பால் நுரையீரலுக்குள் போய்விடும். குப்புற, தலை கொஞ்சம் தூக்கியபடி கொடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஈரப் பஞ்சால் பின்பக்கம் லேசாகத் தடவிவிட்டால்தான் ஒன்றுக்கு, இரண்டுக்கு போகும். தாய் நக்கிவிடும் வேலையை நாம் செய்கிறோம். தெருவில் அதே சமயம் குட்டி போட்ட வேறு நாய் இருந்தால் சில சமயம் இதையும் சேர்த்துக்கொள்ளும். பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு விடுங்கள்.

இரண்டு மாதக் குட்டிக்கு நாளைக்கு நாலு வேளை. நாலு மாதம் ஆனால் மூன்று, ஆறு மாதம் ஆனால் இரண்டு. குழைந்த சோற்றோடு அவித்த முட்டை, கோழி ஈரல், எலும்பில்லாத கறிக்கழிவு, பருப்பு என்று ஏதாவது ஒன்றைச் சேர்த்தால் போதும். கறிக்கடையில் ஈரலும் கழுத்துக் கறியும் சல்லிசாகக் கிடைக்கும். உப்பு, காரம், மசாலா வேண்டாம். வெந்த கோழி எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் நாய்க்கு விஷம். பாயசத்தை வழித்துப் போடும்போது அதில் கிஸ்மிஸ் இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் எப்போதும் இருக்கட்டும்.

கோழி, ஆடு, பிள்ளைகள்

குட்டி என்ன கற்றுக்கொள்கிறதோ அதை மூன்றாவது வாரத்திலிருந்து மூன்று மாதம் வரைக்குள்தான் அதிகம் கற்கிறது. அந்த நாட்கள் நம் வீட்டில் கழிகின்றன. பைக் சத்தம், குக்கர் விசில், தொப்பி போட்டவர், குடை பிடித்தவர், ஓடுகிற பிள்ளை எல்லாம் பழகட்டும். கையைக் கடித்து விளையாட விடாதீர்கள். கடித்தால் விளையாட்டை நிறுத்தி எழுந்து போய்விடுங்கள், அடிக்கத் தேவையில்லை. சாப்பிட்டவுடன், தூங்கி எழுந்தவுடன் வெளியே கொண்டு போனால் இரண்டு மூன்று வாரத்தில் வீட்டுக்குள் அசிங்கம் செய்வது குறையும்.

கோழியைத் துரத்தும் குட்டியைப் பார்த்துச் சிரிப்போம். ஆறு மாதம் கழித்து அது சிரிப்பல்ல. காங்கேயம், வெள்ளக்கோவில் பக்கம் பட்டிகளில் புகுந்து நாய்கள் ஆடுகளைக் கடித்துக் கொன்றதும், விவசாயிகள் இழப்பீடு கேட்டுப் போராடியதும் 2024, 2025-இல் பேப்பரில் வந்தது. ஆட்டுக் கடன் வாங்கிய தோழிகளுக்கு அந்த வலி தெரியும். அதனால் குட்டியைக் கயிற்றில் பிடித்தபடி ஆட்டுப்பட்டி அருகே உட்கார வைத்துப் பழக்குங்கள். சும்மா இருந்தால் ஒரு துண்டு ஈரல். பாய்ந்தால் தள்ளிக் கொண்டு போய்விடுங்கள். தெருநாயின் மேல் ஊருக்கு இருக்கும் கோபத்துக்கும் காரணம் இருக்கிறது. நாம் தூக்கி வளர்க்கும் குட்டி அந்தக் கோபத்தைக் கூட்டுவதாக இருக்கக் கூடாது.

யாரிடம் கொடுப்பது?

இதுதான் கஷ்டமான வேலை. கேட்ட முதல் ஆளிடம் தள்ளிவிட்டால், நாம் தூக்கிய அதே குப்பைமேட்டுக்குக் குட்டி திரும்பி வரும். மாப்பிள்ளை வீடு பார்ப்பது போலப் பாருங்கள், தப்பில்லை. வீட்டில் எல்லோருக்கும் சம்மதமா? வாடகை வீடு என்றால் வீட்டுக்காரர் ஒப்புக்கொண்டாரா? முன்னால் நாய் வளர்த்தார்களா, அது என்ன ஆனது? ஊருக்குப் போனால் யார் சோறு வைப்பார்கள்? இருபத்து நாலு மணி நேரமும் சங்கிலியில் கட்டி வைப்பார்களா? பிள்ளை பிறந்தநாளுக்குத் திடீர்ப் பரிசாகக் கேட்கிறவருக்குக் கொடுக்காதீர்கள். பிள்ளைக்கு ஆசை ஒரு வாரம், நாய்க்கு ஆயுசு பத்துப் பன்னிரண்டு வருடம்.

"ராஜபாளையம் இருக்கா, சிப்பிப்பாறை இருக்கா?" என்று கேட்பவர்கள் வருவார்கள். அவை நல்ல சாதிதான். ஆனால் நம் தெருக்குட்டி இந்த வெயிலுக்கே பிறந்தது, வீட்டுச் சோற்றில் வளரும், அந்நிய ஆள் வந்தால் குரைக்கும். இதைச் சொல்லிக் கொடுங்கள். பொட்டை என்று தயங்கினால், கருத்தடை விஷயத்தை எடுத்துச் சொல்லுங்கள். அறுவை செய்த பொட்டை பருவத்துக்கு வராது, கடுவன்கள் வாசலில் கூடாது, ஊர் சுற்றவும் போகாது. சாதாரணமாக ஆறு மாத வாக்கில் செய்யலாம். உங்கள் ஊர் மருந்தகத்தில் வசதி இல்லை என்றால் மாவட்டத்தின் பெரிய கால்நடை மருத்துவமனையில் கேளுங்கள். வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி பக்கம் இருப்பவர்களுக்குக் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

ஆள் தேட, நல்ல வெளிச்சத்தில் இரண்டு போட்டோ எடுத்து, வயது, பொட்டையா கடுவனா, போட்ட ஊசி, ஆட்டோடு பழகியதா என்பதை எழுதி வாட்ஸ்அப்பில் போடலாம். பால் சொசைட்டி, மருந்தகம், பள்ளிக்கூட வாத்தியார் என்று வாய்வழியும் சொல்லுங்கள். உங்கள் வீட்டு விலாசத்தை எல்லோருக்கும் போடாதீர்கள், வாசலில் இன்னும் நாலு குட்டியை விட்டுவிட்டுப் போவார்கள். குட்டிக்கு விலை வைக்க வேண்டாம். ஊசிச் செலவைக் கேட்பதில் தப்பில்லை, செலவழிக்க மனமுள்ளவரா என்பதும் தெரிந்துவிடும்.

கொடுக்கும்போது ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். இன்ன தேதிக்குள் கருத்தடை செய்வேன், வளர்க்க முடியாவிட்டால் தெருவில் விடாமல் உங்களிடமே திருப்பித் தருவேன் என்று. பட்டினி கிடக்கும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் சொல்லுங்கள். வளர்ந்த தெருநாயைத் தத்தெடுக்க விரும்புகிறவர் உள்ளாட்சி அமைப்பில் விண்ணப்பிக்கலாம், எடுத்த நாய் மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றமும் 2025 ஆகஸ்ட் 22-இல் சொல்லியிருக்கிறது.

பிரியும் நாள் அழுகை வரும். பிள்ளைகள் இரண்டு நாள் சாப்பிட மாட்டார்கள். "நாமளே வச்சுக்குவோமே" என்ற பேச்சு வரும். வைத்துக்கொள்ளலாம், அதுவும் நல்ல வீடுதான். ஆனால் பத்து வருடச் செலவையும் அடுத்து வரும் குட்டிக்கு இடம் இருக்காது என்பதையும் அப்பவே யோசித்துவிடுங்கள். கொடுப்பது என்று முடிவானால், குட்டி படுத்த பழைய துணியைக் கூடவே கொடுத்து அனுப்புங்கள். வாசனை தெரிந்த துணி இருந்தால் முதல் இரண்டு ராத்திரி குறைவாகக் கத்தும்.

ஒரு வாரம் கழித்து ஒரு போன், ஒரு மாதம் கழித்து முடிந்தால் நேரில் ஒரு எட்டு. அடுத்த ஊசித் தேதியையும், ஆறாவது மாதம் முடியும் தேதியையும் காலண்டரில் குறித்து வையுங்கள். அந்தத் தேதி வந்ததும், "ஆபரேசனுக்கு எப்பங்க கூட்டிட்டுப் போறீங்க?" என்று கூப்பிட்டுக் கேளுங்கள். இழுத்தடித்தால் போகிற நாளைக் கேட்டு நீங்களும் கூடப் போய் வாருங்கள்.